முகிற் கொத்தணியில் கற்றல் தளம்: வலியும் காலமும் இடனும் அறிதல்

தோட்டஞ் செய்வோன் கிணற்று நீரின் அளவை அறிந்த பின்னரே பயிரிடுகின்றான். வீடு கட்டுவோன் நிலத்தின் தன்மையை அறிந்த பின்னரே அத்திவாரம் வெட்டுகின்றான். எக்கருமத்தையும் தொடங்குமுன் அதற்கு வேண்டுவன யாவை என ஆராய்தல் அறிவுடையோர் இயல்பு. திருவள்ளுவர் பொருட்பாலிலே தெரிந்துசெயல்வகையை 47 ஆம் அதிகாரமாக வைத்து, அதனையடுத்து வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என மூன்று அதிகாரங்களை முறையே அமைத்திருத்தல் கற்றார் யாவரும் அறிந்ததே. அரசியல் பற்றி எழுந்த அம்முறைவைப்பு, கணினித் துறையில் இன்று பலரும் மேற்கொள்ளும் ஒரு கருமத்திற்கும் நன்கு பொருந்துகின்றது. இயந்திரக் கற்றலுக்குரிய ஒரு தளத்தை முகிற் கொத்தணியில் நிறுவுதலே அக்கருமம்.

யாம் தமிழ் கற்பிக்கும் தொழிலினோம். கணினிப் பொறியியலிற் பட்டம் பெற்றோமல்லோம். எனினும், மேல்வகுப்பு மாணவரும் கல்லூரியை விட்டு நீங்கிய இளைஞரும் இத்துறை நூல்களில் வரும் சொற்களுக்குப் பொருள் கேட்டு வரும்போது, அவற்றை அவர்களோடு உடனிருந்து படித்து வருகின்றோம். அங்ஙனம் படிக்குங்கால் ஓர் உண்மை தெளிவாயிற்று. தேவைப் பட்டியல் என்பதும் ஓர் உரைநடைப் பகுதியே. அதனையும் பொருளுணர்ந்து வாசித்தல் வேண்டும். பட்டியலிலுள்ள எண் ஒவ்வொன்றின் பின்னும் ஒரு காரணம் நிற்கின்றது. எண் ஆண்டுதோறும் மாறும். காரணம் எளிதில் மாறாது. எண்ணை மட்டும் மனனஞ் செய்தவன் அடுத்த ஆண்டு இடர்ப்படுவான். காரணத்தை உணர்ந்தவன் எவ்வாண்டிலும் தன் கணக்கைத் தானே போட்டுக் கொள்வான். இதனை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கம்.

சொற்பொருள்

முதற்கண் சில சொற்களின் பொருளை வரையறுத்துக் கொள்வாம்.

முகில் என்பது பிறர்க்குரிய கணினிகளை வலையமைப்பின் வழியாக வாடகைக்குப் பெற்றுப் பயன்படுத்தும் ஏற்பாடு. கணினி எங்கோ ஒரு கட்டடத்துள் இருக்கும். பயன்பாடு நம் மேசையில் நிகழும். வாடகை மணிக்கணக்கில் அல்லது நொடிக்கணக்கில் ஏறும். கொத்தணி என்பது பல கணினிகள் ஒன்றுபோலத் தொழிற்படுமாறு பிணைக்கப்பட்ட தொகுதி. கொத்தணிப் பாடசாலைகளை அறிந்த நமக்கு இச்சொல் புதிதன்று. கொத்தணியிலுள்ள ஒவ்வொரு கணினியும் கணு எனப்படும்.

கொள்கலன் என்பது ஒரு மென்பொருளையும் அதற்குத் துணையான நிரல் நூலகங்கள் யாவற்றையும் ஒன்றாகக் கட்டிய பொதி. துறைமுகத்திற் பாரந்தூக்கி, உள்ளிருப்பது தேயிலையோ துணியோ என நோக்காது பெட்டியைத் தூக்குமாறு போல, கணினியும் பொதியின் உள்ளீட்டை நோக்காது இயக்கும். 2013 ஆம் ஆண்டில் வெளிவந்த டொக்கர் என்னும் மென்பொருள் இம்முறையைப் பெருவழக்காக்கியது.

பல கணுக்களிற் பல்லாயிரம் கொள்கலன்களைப் பகிர்ந்து வைத்து மேற்பார்ப்பது குபெர்நெற்றிஸ். கூகிள் நிறுவனத்தார் 2014 ஆம் ஆண்டில் இதனை அறிவித்து, 2015 யூலையில் முதற் பதிப்பை வெளியிட்டனர். இப்பெயர் கிரேக்க மொழியிற் கப்பலின் சுக்கானைப் பிடிப்பவனைக் குறிக்கும். அதன் சின்னமும் சுக்காற் சக்கரமே. நம் முன்னோர் அவனை மீகாமன் என்றனர். ஒரு கொள்கலன் நின்றுபோயின் வேறொன்றை எழுப்புதலும், ஒரு கணு பழுதாயின் அதன் பணியைப் பிறிதொரு கணுவுக்கு மாற்றுதலும் இம்மீகாமனின் தொழில்கள். ஒருங்கு வாழும் ஒன்று அல்லது சில கொள்கலன்களின் தொகுதியைப் பொட் என்பர். ஆங்கிலத்தில் அது பயற்றின் நெற்றைக் குறிக்கும் சொல். நெற்றினுள் மணிகள் போலக் கொள்கலன்கள் அதனுள் அமையும்.

தளம் யாது?

இயந்திரக் கற்றற் றளங்கள் பல உள. அவற்றுள் குபெர்நெற்றிஸ் மேல் நிறுவப்படும் கியூப்புளோ என்பதனை ஈண்டு எடுத்துக்காட்டாகக் கொள்வாம். கூகிள் பொறியியலாளர் 2017 டிசெம்பரில் இதனை வெளியிட்டனர். முதலாம் பதிப்பு 2020 மார்ச்சில் வந்தது. 2023 யூலையில் முகில்சார் மென்பொருள்களைப் பேணும் பொது அமைப்பொன்று இதனைத் தன் பொறுப்பில் ஏற்றுக்கொண்டது. மூல நிரல் யாவர்க்கும் திறந்தது, விலை இல்லை. விலையின்மையே பலரை மயக்குகின்றது. மென்பொருள் இலவசமாயினும் அது வாழும் கணினி இலவசமன்று.

கியூப்புளோ ஒரு தனி மென்பொருளன்று. ஒரு கூட்டுக் குடும்பம். ஆய்வாளன் நிரல் எழுதும் குறிப்பேடு ஓர் உறுப்பு. பணிகளை ஒன்றன்பின் ஒன்றாக நிகழ்த்தும் பைப்லைன்ஸ் இன்னோர் உறுப்பு. மாதிரியின் அமைப்பெண்களைப் பலவாறு மாற்றிச் சோதித்து, சிறந்ததைத் தேடிக் குறிப்பது காத்திப்; அரபு மொழியில் எழுத்தர் என்பது அதன் பொருள். பயின்று முடிந்த மாதிரியைப் பிறர் பயன்கொள்ளுமாறு வழங்குவது கே-சேர்வ். இவற்றின் கீழே, போக்குவரத்தை நெறிப்படுத்தும் இஸ்ரியோ, நற்சான்றிதழ்களை வழங்கிப் புதுப்பிக்கும் சேர்ட்-மனேஜர், பயனரை அடையாளங் காணும் டெக்ஸ் முதலாயின உழைக்கின்றன. ஒரு மாதிரியையேனும் பயிற்றுவதற்கு முன்னரே இவையனைத்தும் உண்ணவும் உறையவும் இடங்கேட்கும். தளத்தின் தேவை பெரிதாயிருத்தற்கு இதுவே முதற் காரணம்.

வலியறிதல்

கணினியின் வலி செயலி, நினைவகம், தேக்ககம் என மூவகைப்படும். இவற்றை நான்கு படிகளிற் கணக்கிடல் வேண்டும்.

முதற்படி, மீகாமனுக்குரிய வலி. குபெர்நெற்றிஸ் கொத்தணியை நாமே அமைப்பின், ஒவ்வொரு கணினிக்கும் குறைந்தது 2 கிகாபைற்று நினைவகமும், கொத்தணியை ஆளும் கட்டுப்பாட்டுக் கணினிக்குக் குறைந்தது 2 செயலிக் கருக்களும் வேண்டும் என அதன் ஆவணம் கூறுகின்றது. மேலும் ஒவ்வொரு கணினிக்கும் தனிப்பெயரும் தனி முகவரியும் இருத்தல் வேண்டும். ஒரே வார்ப்பிலிருந்து பல கணினிகளைப் படியெடுப்போர் இவ்விதியை மறந்துவிடின், இருவரை ஒருவராக எண்ணும் குழப்பம் கொத்தணியில் விளையும்.

கொத்தணியின் நினைவுப் பதிவேடாகிய எற்சிடி பற்றியும் ஒரு விதி உண்டு: அதன் உறுப்பினர் தொகை 3, 5 என ஒற்றைப்படையாய் இருத்தல் நன்று. பெரும்பான்மையோர் உடன்பட்டாலன்றிப் பதிவு நிகழாது என்பதே காரணம். மூவருள் ஒருவர் வீழினும் இருவர் பெரும்பான்மையாவர், கருமம் நடக்கும். நால்வராயின் பெரும்பான்மைக்கு மூவர் வேண்டும். ஆகவே அங்கும் ஒருவர் வீழ்தலையே தாங்கலாம். நான்காமவருக்குச் செலவிட்ட பணம் இவ்வகையிற் பயன் தரவில்லை. ஐவராயின் இருவர் வீழ்தலைத் தாங்கலாம். சபைகளிற் பணியாற்றிய பழைய மாணவர்க்கு இக்கணக்கை விரித்துரைத்தல் வேண்டா.

இரண்டாம் படி, தளத்திற்குரிய வலி. கியூப்புளோவின் முதலாம் பதிப்புக் காலத்து வழிகாட்டி, குறைந்தது ஒரு பணிக்கணுவேனும் 4 செயலிக் கருக்கள், 12 கிகாபைற்று நினைவகம், 50 கிகாபைற்றுத் தேக்ககம் ஆகியவற்றை உடையதாயிருத்தல் வேண்டும் என்றது. பின்னர் வந்த வழிகாட்டியோ, ஒரே கணினியிற் பரீட்சார்த்தமாக நிறுவுவோர்க்கே 8 கருக்களும் 16 கிகாபைற்று நினைவகமும் பரிந்துரைக்கின்றது. குடும்பம் பெருகியது, உலைநீரும் பெருகியது. ஆதலின், ஆண்டும் பதிப்பும் குறியாத எண்ணை ஒருவர் கூறின், அதனைக் கொண்டு கணினி வாங்குதல் கூடாது.

மூன்றாம் படி, பெயரளவிலுள்ள வலிக்கும் கைக்கெட்டும் வலிக்கும் உள்ள வேறுபாடு. 16 கிகாபைற்றுக் கணினி 16 கிகாபைற்றையும் நமக்குத் தருவதில்லை. பணிசெயல் முறைமையும் குபெர்நெற்றிஸின் முகவரும் தம் பங்கை முதலில் எடுத்துக்கொள்வர். கூகிள் முகிலின் ஆவணம் தரும் ஒரு கணக்கின்படி, முதல் 4 கிகாபைற்றில் 25 வீதமும், அடுத்த 4 இல் 20 வீதமும், அதற்கடுத்த 8 இல் 10 வீதமும் ஒதுக்கப்படும். 16 கிகாபைற்றுக் கணுவில் இது 1 உடன் 0.8 உம் 0.8 உம் கூடி 2.6 கிகாபைற்றாகும். எஞ்சுவது 13.4, அதிலும் சிறிது அவசர இருப்பாகக் கழியும். சம்பளப் பத்திரத்தில் மொத்தத்தை நோக்காது கழிவு போன தொகையை நோக்குதல் எத்துணை அவசியமோ அத்துணை அவசியம் இது.

இன்னும் ஒன்று. ஒவ்வொரு பொட்டும் தனக்கு இவ்வளவு வேண்டும் என முன்னரே அறிவித்தல் வழக்கம். இதனை வேண்டுகை என்க. தாண்டக் கூடாத எல்லையை உச்சவரம்பு என்க. மீகாமன் இடம் ஒதுக்கும்போது வேண்டுகையையே நோக்குவான். அப்பொட் உண்மையில் எவ்வளவு உண்கின்றது என்பதை நோக்கான். வேண்டுகைகளின் கூட்டுத்தொகை நிரம்பிவிடின், கணினி பாதி ஓய்ந்திருப்பினும் புதிய பொட்டுக்கு இடமில்லை. அது காத்திருப்பு நிலையிலேயே நிற்கும். ஓடத் தொடங்கிய பொட் செயலியின் உச்சவரம்பை முட்டின் மெதுவாக்கப்படும். நினைவகத்தின் உச்சவரம்பைத் தாண்டின் கொல்லப்படும். 137 என்னும் முடிவெண் தோன்றும். ஏன் இவ்வேறுபாடு? செயலியின் நேரத்தைச் சிறிது பொறுத்துப் பெறலாம். நினைவகத்திலுள்ளதை அங்ஙனம் இடையில் நிறுத்திப் பகிர்தல் எளிதன்று. வன்றட்டை நினைவகம் போலப் பயன்படுத்தும் இடமாற்று முறையை அணைத்துவைக்குமாறு பட்டியல்கள் கூறுதற்கும் இதனோடு இயைந்த காரணமே உண்டு: மெதுவான தட்டை விரைவான நினைவகமாக எண்ணி மீகாமன் கணக்குப் போட்டால் அவன் கணக்குப் பிழைத்துவிடும். அண்மைப் பதிப்புகளில் இம்முறையை அளவோடு கையாள வழி செய்யப்பட்டுள்ளதெனினும், இயல்புநிலை அதனை மறுப்பதே.

நான்காம் படியே பெரும்பாலோர் மறப்பது. அது நாம் பயிற்றப்போகும் மாதிரியின் எடை. பட்டியலிலுள்ள குறைந்தபட்ச எண் வெறும் வீட்டுக்குரியது, விருந்தினர்க்குரியதன்று. 700 கோடி அமைப்பெண்களை உடைய ஒரு மொழி மாதிரியை எடுத்துக்கொள்வாம். ஒவ்வோர் எண்ணையும் 2 பைற்றில் வைத்தால், அதனை ஏந்துதற்கே 14 கிகாபைற்று வேண்டும். என்விடியாவின் ரி-4 என்னும் வரைவியற் செயலியின் நினைவகம் 16 கிகாபைற்று; ஆகவே மாதிரி அதனுள் நெருக்கியடித்து அமரும். ஆயின் அம்மாதிரியை முழுமையாகப் பயிற்ற வேண்டுமெனின் கணக்கு வேறாகின்றது. அடம் எனப்படும் வழக்கமான முறையில், அமைப்பெண்ணுக்கு 2 பைற்று, அதன் சரிவுக்கு 2, நுண்ணிய படிக்கு 4, முறை நினைவில் வைக்கும் இரு சராசரிகளுக்கு 4 உம் 4 உமாக, ஒவ்வோர் எண்ணுக்கும் 16 பைற்றுச் செல்லும். 700 கோடிக்கு 112 கிகாபைற்று. 80 கிகாபைற்று உடைய பெருஞ்செயலி ஒன்றும் இதற்குப் போதாது. இடைக்கணிப்புகளுக்குரிய இடத்தை நாம் இன்னும் கூட்டவில்லை. முழு மாதிரியையும் அசைக்காது சிறு இணைப்பொன்றை மட்டும் பயிற்றும் முறைகள் 2021 ஆம் ஆண்டு முதல் பரவியமைக்கு இக்கணக்கும் ஒரு காரணம். பெருக்கல் வாய்பாடு அறிந்த மாணவன் இதனை ஒரு கடதாசியிற் போட்டுப் பார்த்திருப்பின், எத்தனை நாள் வாடகை மிஞ்சியிருக்கும்!

வரைவியற் செயலி பற்றி மேலும் இரண்டு கூறுவாம். அதனை முழுவெண்ணாகவே கேட்டல் வேண்டும். அரைச் செயலி என இயல்புநிலையிற் கேட்க இயலாது. மேலும் கணுவிற் செயலி பொருத்தப்பட்டிருத்தல் மட்டும் போதாது. அதற்குரிய இயக்கி மென்பொருளும், குபெர்நெற்றிஸுக்கு அதனை அறிவிக்கும் துணைநிரலும் நிறுவப்படல் வேண்டும். இல்லையெனின் பொருள் வீட்டில் இருந்தும் மீகாமன் அதனைக் காணமாட்டான்.

காலமறிதல்

மென்பொருளுக்கும் பருவம் உண்டு. குபெர்நெற்றிஸ் ஆண்டுக்கு மூன்று முறை புதிய பதிப்பாக வெளிவருகின்றது. ஒவ்வொரு பதிப்பும் ஏறத்தாழ 14 மாதங்கள் பேணப்படும். கியூப்புளோவின் ஒவ்வொரு பதிப்பும் குபெர்நெற்றிஸின் குறித்த சில பதிப்புகளோடு மட்டும் சோதிக்கப்பட்டது. ஆதலின் புதியது எப்போதும் நன்று என்னும் எண்ணமும், பழையதே போதும் என்னும் எண்ணமும் ஒருங்கே தீங்கு பயக்கும். இரண்டும் பொருந்தும் இடத்தைத் தேடுதலே முறை.

இதற்கு வரலாற்றுச் சான்றுகள் இரண்டு தருவாம். 2021 ஆகஸ்ற்றில் வந்த 1.22 ஆம் பதிப்பிலிருந்து, நெடுநாள் வழக்கிலிருந்த பல முன்னோட்ட இடைமுகங்கள் நீக்கப்பட்டன. அவ்விடைமுகங்களை நம்பிய மென்பொருள்கள் திருத்தம் பெறும்வரை அப்பதிப்பில் இயங்கவில்லை. 2022 மே மாதத்தில் வந்த 1.24 ஆம் பதிப்பு, டொக்கரை நேரே பயன்படுத்த உதவிய இடைப்பாலத்தை அகற்றியது. கியூப்புளோ பைப்லைன்ஸின் பழைய அமைப்போ, கணுவிலே டொக்கர் இருக்கும் என்னும் எண்ணத்தின் மேல் எழுந்தது. பாலம் அகன்றதும் அதன் இயக்குமுறையையும் மாற்றவேண்டியதாயிற்று. நீக்கம் பற்றிய அறிவித்தல் இரு முறையும் நெடுநாள் முன்னரே வெளியிடப்பட்டிருந்தது. அதனை வாசித்தவர் ஆயத்தமாயினர். வாசியாதவர் ஒருநாட் காலையில் எல்லாம் நின்றிருக்கக் கண்டனர்.

கொத்தணிக்குள்ளும் மூப்பிளமை முறை உண்டு. கணுவிலுள்ள முகவரின் பதிப்பு, கட்டுப்பாட்டுக் கணினியின் பதிப்பினும் புதியதாதல் கூடாது. அண்மை விதிப்படி மூன்று பதிப்புகள் வரை பழையதாகலாம். ஆகவே பதிப்பை உயர்த்துவோர் முதலிற் கட்டுப்பாட்டுக் கணினியை உயர்த்தி, பின்னரே கணுக்களை உயர்த்துவர்.

காலந் தாழ்த்தலுக்கு விலையும் உண்டு. அமேசன் முகிலிற் குபெர்நெற்றிஸ் கொத்தணியொன்றின் கட்டுப்பாட்டுப் பகுதிக்குரிய கட்டணம், பதிப்பு வழமையான பேணுகைக் காலத்துள் இருக்கும்வரை மணிக்கு 10 சதம். அக்காலம் கடந்த பழைய பதிப்பை மேலும் 12 மாதம் வைத்திருக்க இடந்தருவர். ஆயின் கட்டணம் மணிக்கு 60 சதமாகும். 30 நாட் கணக்கில் முன்னது 72 டொலர். பின்னது 432 டொலர். கணுக்களின் வாடகை இதற்குப் புறம்பு. ஒருவர் செய்யாது விட்ட ஒரு வேலைக்காக மாதம் 360 டொலர் கூடுதலாகச் செல்கின்றது. நம் நாட்டினர்க்கு இது பெருந்தொகை. 2022 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலர், அவ்வாண்டு மே மாதத்தில் 350 ரூபாவைக் கடந்தமையை யாரும் மறந்திரார். டொலரில் வரும் சிட்டை மாறாதிருப்பினும், ரூபாவில் அதன் சுமை சில மாதங்களிற் பெருகியது.

இடனறிதல்

முகில் எங்கும் பரந்தது என்பது கவிக்கூற்று. உண்மையில் அது குறித்த நகரங்களிலுள்ள கட்டடங்களில் உறைகின்றது. நிறுவனங்கள் தம் கணினிகளைப் பிராந்தியங்களாகவும், பிராந்தியத்தை வலயங்களாகவும் வகுத்துள்ளன. வலயம் என்பது மின்னும் வலையமைப்பும் தனித்தனியே அமைந்த ஒரு பகுதி. ஒன்று வீழினும் மற்றொன்று நிற்றற்கு இப்பிரிவு.

இப்பிரிவு தேக்ககத்தில் ஓர் இடரை உண்டாக்கும். கியூப்புளோவின் தேவைப் பட்டியலில் இயல்புநிலைத் தேக்கக வகை ஒன்று இருத்தல் வேண்டும் என்னும் வரி உண்டு. சிறிய வரியாதலின் பலர் கடந்து போவர். பொட் ஒன்று தரவு வைக்க இடங்கேட்கும்போது, எவ்வகைத் தட்டைத் தருவது எனக் கூறாவிட்டாற் கொடுக்கவேண்டிய வகை இதுவே. அது குறிக்கப்படாதாயின், தரவுத்தளமும் குறிப்பேடுகளும் தட்டின்றிக் காத்திருக்கும், நிறுவுதல் முற்றுப்பெறாது. அமேசன் முகிலின் வழமையான தொகுதித்தட்டு ஒரு வலயத்துக்கே உரியது. அத்தட்டைப் பயன்கொண்ட பொட்டை வேறு வலயத்துக் கணுவில் எழுப்பினால், அதற்குத் தன் தட்டு எட்டாது. பல கணுக்கள் ஒரே வேளையில் ஒரே தரவைப் படித்தும் எழுதியும் பயில வேண்டுமாயின், பகிர்வுக்கோப்பு முறையான வேறுவகைத் தேக்ககம் வேண்டும். ஆகவே எத்தனை கிகாபைற்று என்னும் வினாவோடு, எவ்விடத்தில், எத்தனை பேர் ஒருங்கே என்னும் இரு வினாக்களையும் வினாவுதல் வேண்டும்.

இடன் என்பதனுள் முகவரியும் அடங்கும். ஒவ்வொரு பொட்டுக்கும் வலையமைப்பில் ஒரு முகவரி வேண்டும். அமேசனின் எம்-5 லார்ஜ் என்னும் கணினி 2 செயலிகளும் 8 கிகாபைற்று நினைவகமும் உடையது. அதில் 3 வலையிணைப்பு முகங்கள் உள்ளன; ஒவ்வொன்றுக்கும் 10 முகவரிகள்; ஒவ்வொன்றிலும் ஒரு முகவரி முகத்துக்கே உரியது. எஞ்சும் 27 உடன், கணுவின் முகவரியையே பகிரும் 2 பொட்களைக் கூட்டின் 29. இயல்புநிலை அமைப்பில் அக்கணு 29 பொட்களுக்கு மேல் ஏலாது. கியூப்புளோ முழுமையாக நிறுவப்படின் பல பத்துப் பொட்கள் எழும். நினைவகம் மிஞ்சியிருக்கவும் முகவரி தீர்ந்து நிற்கும் விந்தையை இங்குக் காணலாம். மண்டபத்தில் இடமுண்டு, கதிரை இல்லை.

வரைவியற் செயலிகள் எல்லாப் பிராந்தியங்களிலும் எல்லா வகையிலும் கிடைப்பதில்லை. கிடைக்கும் இடத்திலும் ஒதுக்கீட்டு வரம்பு உண்டு. புதிதாகத் திறந்த கணக்குகளில் அவ்வரம்பு பெரும்பாலும் சுழியம். விண்ணப்பித்து உயர்த்துதல் வேண்டும். கொத்தணியைக் கட்டி முடித்த பின் விண்ணப்பிப்போர், விடை வரும்வரை வெறுங் கொத்தணிக்கு வாடகை செலுத்துவர். விண்ணப்பம் முதலில், கட்டுமானம் பின்பு.

காவல்

வலியும் காலமும் இடனும் அறிந்தும் வாயிலைத் திறந்துவிட்டாற் பயன் யாது? கியூப்புளோவின் முகப்பு இயல்புநிலையிற் கொத்தணியின் உள்ளிருந்தே அணுகத் தக்கது. வசதி கருதிச் சிலர் அதனைப் பொது இணையத்துக்குத் திறந்துவிட்டனர். அவ்வாறு திறக்கப்பட்ட கொத்தணிகளுட் புகுந்தோர், அங்கே நாணயந் தோண்டும் மென்பொருளை ஓட்டியமையை 2020 யூனில் மைக்ரோசொப்ட் நிறுவனத்தின் பாதுகாப்பு ஆய்வாளர் வெளியிட்டனர். மாதிரி பயிற்றுதற்கு வாங்கிய பெருவலிச் செயலிகளே கள்வர்க்கு ஏற்ற இரையாயின. வாடகையைச் செலுத்துவோர் உரிமையாளர். ஊதியம் பெறுவோர் கள்வர். நிறுவற் பொதியோடு வரும் தொடக்கக் கடவுச்சொல் எல்லோரும் படிக்கும் ஆவணத்தில் அச்சிடப்பட்டிருப்பது. அதனை மாற்றுதல் முதல் நாட் கடமை. காவலைத் தேவைப் பட்டியலின் ஓர் உறுப்பாகவே எண்ணுதல் வேண்டும்; பின்னர்ச் சேர்க்கும் அணியாக எண்ணுதல் தகாது.

தளம் வேண்டுமா?

தளத்துக்கு யாது வேண்டும் என வினாவுமுன், நமக்குத் தளம் வேண்டுமா என வினாவுதல் தெரிந்துசெயல்வகையின் தலையாய படி. சில ஆயிரம் வரிகள் கொண்ட தரவை ஒருவர் தனியே ஆராய்வாராயின், ஒரு நல்ல மேசைக்கணினியும் ஒரு குறிப்பேட்டு மென்பொருளும் போதும். பலர் ஒருங்கே உழைத்தலும், ஒரே பணித்தொடரை மீண்டும் மீண்டும் பிழையின்றி நிகழ்த்துதலும், பயின்ற மாதிரியை இடையறாது பிறர்க்கு வழங்குதலும் வேண்டும்போதே இத்தகைய தளம் தன் செலவுக்கு ஈடு செய்யும். இருவர் செல்லப் பேருந்தை வாடகைக்கு அமர்த்துவாரில்லை. ஆயினும் பெருநிறுவனங்கள் பயன்படுத்துகின்றன என்னும் ஒரே காரணத்தால், சிறு சங்கங்களும் தனி மாணவரும் இதனை நிறுவப் புகுந்து பொருளும் நாளும் இழத்தல் நிகழ்கின்றது.

பொருளிழப்பினும் யாம் பெரிதாகக் கருதுவது ஒன்றுண்டு. பொட் காத்திருப்பு நிலையில் நிற்கக் கண்ட இளைஞன், தான் அறிவிற் குறைந்தவன் என எண்ணிவிடுகின்றான். கட்டளைகளைப் பத்து முறை தட்டெழுதுகின்றான், ஒன்றும் நகரவில்லை, இத்துறை தனக்குரியதன்று என ஒதுங்குகின்றான். உண்மையிற் குறைந்தது அவன் அறிவன்று. 2 கிகாபைற்று நினைவகம், அல்லது ஒரு முகவரி, அல்லது பட்டியலில் அவன் கடந்துபோன ஒரு சிறு வரி. காத்திருப்பின் காரணத்தை அக்கொத்தணியே தன் நிகழ்வுக் குறிப்பில் எழுதிவைத்துள்ளது. நினைவகம் போதாது என்றும், தட்டு இல்லை என்றும் அது வெளிப்படையாகக் கூறும். அதனைத் தேடி வாசிக்கப் பழக்குதல் ஆசிரியரின் கடன்.

மாணவர்க்கு எட்டு வினாக்கள்

நிறுவத் தொடங்குமுன் பின்வரும் வினாக்களுக்கு ஒரு தாளில் விடை எழுதுதல் நன்று.

1. இத்தளம் நமக்கு வேண்டுமா? சிறிய வழி உண்டா?
2. தளத்தின் பதிப்பு யாது? அதனோடு சோதிக்கப்பட்ட குபெர்நெற்றிஸ் பதிப்புகள் யாவை? அவற்றின் பேணுகைக் காலம் எப்போது முடியும்?
3. கழிவு போகக் கணுக்களில் எஞ்சும் நினைவகம் எவ்வளவு? தளத்தின் வேண்டுகைகள் அதனுள் அடங்குமா?
4. நம் மாதிரியின் எடை எவ்வளவு? அமைப்பெண்ணை எத்தனை பைற்றாற் பெருக்கல் வேண்டும்?
5. கணுவொன்றுக்கு எத்தனை பொட்கள் அமரலாம்?
6. இயல்புநிலைத் தேக்கக வகை எது? தட்டு எவ்வலயத்தில் உள்ளது?
7. ஒதுக்கீட்டு வரம்பு உயர்த்தப்பட்டதா? மாதச் செலவு இவ்வளவைத் தாண்டின் எச்சரிக்குமாறு ஏற்பாடு செய்யப்பட்டதா?
8. முகப்பு யாருக்குத் திறந்துள்ளது? தொடக்கக் கடவுச்சொல் மாற்றப்பட்டதா?

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், தேவைப் பட்டியலின் ஒவ்வோர் எண்ணும் வலி, காலம், இடன் என்னும் மூன்றனுள் ஒன்றைப் பற்றி நிற்றலைக் கண்டோம். இக்கட்டுரையிலுள்ள எண்களிற் சில, இம்மலர் நூலக அலுமாரியில் நிறம் மங்கும் நாளிற் பழையனவாய்விடும். 12 கிகாபைற்று 16 ஆனதுபோல 16 உம் வேறொன்றாகும். ஒற்றைப்படை உறுப்பினரின் காரணம் மாறாது. கழிவு போக எஞ்சுவதை நோக்கும் வழக்கம் மாறாது. எடையைப் பெருக்கிப் பார்க்கும் கணக்கும் மாறாது.

கல்லூரியில் நாம் கற்ற கணக்கும் மொழியும் இத்துறைக்குப் புறம்பானவை என எண்ணற்க. மேலே போட்ட கணக்குகள் பெரும்பாலும் கூட்டலும் பெருக்கலுமே. மேலே தீர்த்த ஐயங்கள் ஒரு வரியை நின்று வாசித்தலால் தீர்ந்தவையே. முகிலிற் பெருங்கருமங்களை நடத்தும் பழைய மாணவர் நம்மிடையே இருப்பின், அவர்கள் தாம் வாசித்தறிந்த காரணங்களை இளையோர்க்குத் தமிழில் எழுதித் தருவாராக. கணினி வாங்கித் தருதலோடு, அதனைக் கொண்டு செய்யத் தக்கதையும் தகாததையும் அளந்தறியும் முறையைக் கற்றுத் தருதலும் அவர்கள் இக்கல்லூரிக்கு ஆற்றத்தக்க நற்பணி என்க.